குறை ஓதியவரிடம் இல்லை



இருபது ஆண்டுகளாக மத்ரஸாவில் குர்ஆன் ஓதக் கற்பித்து வருகிறோம். ஒரு மாணவரின் ஓதலில் குறை தென்பட்டால் அவருடைய நாவையும் உதட்டையும் மூச்சையும் கவனிப்பதே நமது வழக்கம். குறை கணினிக்குள்ளும் இருக்கக்கூடும் என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தோம். அறிந்துகொள்வதற்குள் ஒரு பிள்ளையின் உள்ளத்தை உடைத்துவிட்டோம். தங்கள் பிள்ளைகளின் ஓதலைப் பதிந்து கேட்கும் பெற்றோரும், பதிவை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் நம்மைப் போன்ற ஆசிரியர்களும் அதே தவற்றைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

நமது மத்ரஸாவில் ஹிஃப்ழ் முடிக்கும் நிலையில் உள்ள மாணவர், முப்பது ஜுஸ்உகளையும் தொடக்கத்திலிருந்து ஒருமுறை ஓதிக் காட்ட வேண்டும். அதனைக் கேட்டு ஒப்புதல் அளிப்பவர் நமக்கும் ஆசிரியரான பெரிய ஹஸ்ரத் அவர்கள். எண்பது வயதைக் கடந்துவிட்ட அவர்கள் இப்போது வேறு ஊரில் மகனுடைய வீட்டில் இருக்கிறார்கள். பயணம் செய்ய உடல்நிலை இடம் தருவதில்லை. எனவே மாணவரின் ஓதலைக் கணினியில் பதிந்து அனுப்புகிறோம். நாள்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் அவர்கள் கேட்பார்கள். பிழை இருந்தால் இன்ன ஸூரா, இன்ன ஆயத்து என்று மகன் மூலமாகக் குறிப்பு வரும்.

சென்ற ஆண்டு அந்த நிலையை அடைந்தவர் ஒரே ஒரு மாணவர்தான். பதினான்கு வயது. மெல்லிய குரல். ஆயினும் மத்துகளின் அளவைப் பிசகாமல் நீட்டுவார். மூக்கொலியான குன்னாவை அவரைப் போல நிறுத்தி ஓதும் பிள்ளையை நாம் அதிகம் கண்டதில்லை.

பதிவு தொடங்கவிருந்த வாரத்தில் மத்ரஸாவின் பழைய கணினி செயலிழந்தது. வளைகுடாவில் பணிபுரியும் நலவிரும்பி ஒருவர் புதிய மடிக்கணினி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. பழைய மைக்கை அதில் செருகி, நாம் பழகியிருந்த அடாசிட்டி மென்பொருளை நிறுவி, பதிவுப் பொத்தானை அழுத்தினோம். பதிவாகவில்லை. கருவியைத் திறக்க இயலவில்லை என்றும், மாதிரி வீதம் பொருந்தவில்லை என்றும் ஓர் அறிவிப்பு வந்தது. அதன் கீழே -9997 என்று ஓர் எண். மைக்கை எடுத்துச் செருகினோம். கணினியை அணைத்துத் திறந்தோம். மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினோம். இஷாவுக்குப் பின் அமர்ந்தவர்கள் நள்ளிரவு வரை அதே எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மாணவர் முஸ்ஹஃபை நெஞ்சோடு அணைத்தபடி சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டார்.

மறுநாள் பொறுமை இழந்த நிலையில், மடிக்கணினியின் ஒலிப் பகுதிக்கென்று இணையத்தில் கிடைத்த பெரிய டிரைவர் தொகுப்பு ஒன்றைப் பதிவிறக்கி நிறுவினோம். மென்பொருளிலும் கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றினோம். திடீரெனப் பதிவு ஓடத் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, பத்து விநாடிகள் மட்டும் கேட்டுவிட்டு, அன்றே முதல் ஜுஸ்உவைப் பதிந்து அனுப்பினோம். எது சரியாயிற்று, எது மாறிற்று என்று கேட்கவில்லை. நமது தவறு அங்கேதான் தொடங்கியது.

இரண்டாம் வாரத்தில் பெரிய ஹஸ்ரத் அவர்களிடமிருந்து குறிப்பு வந்தது. “குன்னா நிறைவு பெறவில்லை. நீண்ட மத்துகளின் பிற்பாதியில் குரல் தேய்கிறது. மூச்சுப் பயிற்சி கொடுங்கள்.” நாம் பதிவை எடுத்துக் கேட்டோம். உண்மைதான். ஆறு அளவு நீள வேண்டிய மத்து நான்கிலேயே மங்கியது. ஷத்துப் பெற்ற நூனும் மீமும் மெலிந்து ஒலித்தன.

அந்த மாணவரை அழைத்து, மற்றப் பிள்ளைகளின் முன்னிலையிலேயே கடிந்துகொண்டோம். இவ்வளவு காலம் ஓதிவிட்டு, முடிக்கும் நேரத்தில் அலட்சியமா என்று கேட்டோம். அவர் மறுத்துப் பேசவில்லை. “சரிங்க ஹஸ்ரத்” என்று மட்டும் சொன்னார். அடுத்தடுத்த நாள்களில் இன்னும் அழுத்தி, இன்னும் நீட்டி ஓதினார். பதிவில் அதே தேய்வு. மீண்டும் கடிந்தோம். ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவருடைய உம்மா மத்ரஸாவின் வாசலில் வந்து நின்று சொன்னார்: “ஹஸ்ரத், புள்ள வீட்டுலயும் ஓத மாட்டேங்குது. வாயத் தொறந்தா தப்பு வந்துடும்னு பயப்படுது.”

ஹிஃப்ழ் செய்த பிள்ளைக்கு ஓதவே அச்சம் வந்துவிட்டது என்ற சொல் அன்றிரவு நம்மை உறங்க விடவில்லை.

மறுநாள் அவருடைய வீட்டுக்கே சென்றோம். கணினி இல்லாமல், மைக் இல்லாமல், எதிரே அமரச் செய்து ஓதச் சொன்னோம். நடுங்கும் குரலில் தொடங்கினார். மத்து அளவு மாறாமல் நின்றது. குன்னா முழுமையாக ஒலித்தது. அப்படியானால் பதிவில் நாம் கேட்டது யாருடைய குறை?

நம்மிடம் ஓதியவரும் இப்போது கடைத்தெருவில் கணினி பழுது பார்ப்பவருமான ஒரு தம்பியை அழைத்தோம். அவர் முதலில் செய்த காரியம் நாம் எதிர்பாராதது. “ஹஸ்ரத், நீங்களே ஓதுங்க, பதிஞ்சு பார்ப்போம்” என்றார். ஓதினோம். பதிவை ஒலிக்கச் செய்தார். நமது குன்னாவும் மெலிந்திருந்தது. நமது மத்தும் பிற்பாதியில் தேய்ந்தது. பதினான்கு வயதுப் பிள்ளையை எந்தக் குறைக்காகக் கடிந்தோமோ, அதே குறை நமது ஓதலிலும் இருந்தது. பிறகு அந்தத் தம்பி சற்று நேரம் எதையும் சொல்லவில்லை. நாமும் எதையும் கேட்கவில்லை.

அவர் விளக்கியதையும், அதன்பின் நாம் தேடிக் கற்றதையும் நமக்குப் பழகிய மொழியில் சொல்கிறோம். ஹதீஸ் கலையில் ஒரு செய்தி எந்தெந்த அறிவிப்பாளர்கள் வழியாக நம்மிடம் வந்தது என்று பார்ப்பது போல, பதிவான குரலுக்கும் ஒரு ஸனது உண்டு. ஓதுபவரின் குரலை மைக் மின்னலையாக மாற்றுகிறது. ஒலி அட்டை அந்த அலையை எண்களாக மாற்றுகிறது. இன்றைய கணினிகளில் பெரும்பாலும் அது தனி அட்டையாக இல்லாமல் தாய்ப்பலகையிலேயே ஒரு சில்லாக அமைந்துவிடுகிறது. அந்தச் சில்லின் மொழியை இயங்குதளத்துக்குப் பெயர்த்துச் சொல்லும் துபாஷிதான் டிரைவர் என்னும் இயக்கி. இயங்குதளம் அதனைப் பதிவு மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. மென்பொருள் கோப்பாக எழுதுகிறது. இந்தச் சங்கிலியில் யாரேனும் ஒருவர் மாற்றிச் சொன்னால், இறுதியில் நாம் கேட்பது ஓதியவரின் குரலாக இருக்காது.

முதல் நாள் வந்த -9997 என்பதன் பொருள் மிக எளியது. குரலை ஒரு விநாடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குவது என்பதே மாதிரி வீதம். இசைக் குறுந்தகடுகளின் வீதம் 44,100. காணொளிகளில் வழக்கமானது 48,000. நமது மென்பொருள் 44,100 கேட்டது. ஒலி அட்டையின் அமைப்பில் 48,000 என்றிருந்தது. இருவருக்கும் இடையில் மாற்றித் தருவார் இல்லாததால் வேலை நின்றது. இரண்டு இடங்களிலும் ஒரே எண்ணை வைத்திருந்தால் இரண்டே நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

நாமோ காரணத்தை அறியாமல் புதிய இயக்கியை நிறுவினோம். அந்த இயக்கி தொலைபேசி உரையாடலுக்கும் இணையவழிக் கூட்டங்களுக்கும் உகந்தவாறு அமைக்கப்பட்டது. அதில் இரைச்சல் நீக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறி, குளிர்சாதனம், மோட்டார் ஆகியவற்றின் ஓசை ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக நீடிக்கும். பேச்சோ நொடிக்கு நொடி மாறும். ஆகவே, மாறாமல் நீடிக்கும் ஒலி இரைச்சல் என்று கொண்டு அதனைத் தணிப்பது இத்தகைய ஏற்பாடுகளின் பொதுவான வழி. உரையாடலுக்கு இது நன்மையே. ஆனால் குர்ஆன் ஓதல் வெறும் பேச்சன்று. மத்து என்பது ஒரே சீராக நீளும் குரல். குன்னா என்பது ஒரே சீராக நிற்கும் மூக்கொலி. தஜ்வீத் எதனை நிறைவாகச் செய் என்கிறதோ, அதனையே அந்த இயக்கி மின்விசிறியின் ஓசை என்று எண்ணிக் குறைத்தது. பிள்ளை எவ்வளவு சீராக நீட்டினாரோ அவ்வளவு அதிகமாகத் தேய்த்தது. மெல்லிய குரல் என்பதால் இன்னும் கூடுதலாக.

இதில் நாம் பெற்ற பாடம் ஒன்றுண்டு. முதல் நாள் ‘இயலாது’ என்று சொன்ன கணினி நம்மிடம் உண்மையே சொன்னது. அதன்மீது நாம் கோபப்பட்டோம். மறுநாள் ‘பதிவாகிறது’ என்று சொன்ன கணினிதான் அமானத்தைக் குறைத்துக் கொடுத்தது. அதற்காக நாம் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். வெளிப்படையாக மறுக்கும் முரண்பாட்டைவிட, பொருந்திவிட்டது போலக் காட்டிக்கொண்டு உள்ளே மாற்றிவிடும் முரண்பாடே அஞ்சத்தக்கது.

மென்பொருளுக்கும் ஒலி அட்டைக்கும் இடையே இத்தனை பிணக்குகள் ஏன் எழுகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. விண்டோஸில் ஒலி சென்று சேர ஒரே வழி இல்லை. 1991-இல் வந்த எம்.எம்.இ., 1995-இல் வந்த டைரக்ட்சவுண்ட், 2007-இல் விஸ்டாவுடன் வந்த வாசாப்பி என்று மூன்று பாதைகள் இன்றும் அருகருகே இருக்கின்றன. இசைக்கூடங்களுக்கென்று ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய ஏ.எஸ்.ஐ.ஓ. என்பது வேறொரு பாதை. பழையது மாறுபட்ட வீதங்களையும் எப்படியோ சமாளித்துச் சேர்க்கும். புதியது நேரடியானது, ஆனால் கண்டிப்பானது. மென்பொருளை எழுதியவர் ஒருவர், சில்லைச் செய்தவர் ஒருவர், இயங்குதளத்தைத் தந்தவர் ஒருவர். இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது இயக்கியும் மாறிவிடலாம். நேற்று இயங்கியது இன்று நின்றுபோனால் அதற்கு மென்பொருளையே குற்றம் சொல்வதும் நீதியாகாது.

நாம் கற்றவற்றில், வீட்டில் பிள்ளைகளின் ஓதலைப் பதிவு செய்வோருக்குப் பயன்படக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, பதிவைத் தொடங்குமுன் பத்து விநாடிகள் ‘ஆ’ என்று ஒரே அளவில் நீட்டிப் பதிந்து பாருங்கள். திரையில் தெரியும் அலைவடிவம் தொடக்கம் முதல் இறுதி வரை ஏறத்தாழ ஒரே பருமனில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று விநாடிகளில் மூச்சுக் குறையாமலேயே அது மெலிந்தால், எங்கோ இரைச்சல் நீக்கம் இயங்குகிறது என்று ஐயம் கொள்ளலாம். ஒலி அமைப்புகளில் மைக்கின் பண்புகளைத் திறந்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை நிறுத்துங்கள். இயக்கியோடு தனிச் செயலி ஏதேனும் வந்திருந்தால் அதிலும் பாருங்கள்.

இரண்டாவது, ஒலி அட்டையின் அமைப்பிலும் மென்பொருளிலும் மாதிரி வீதம் ஒன்றாக இருக்கட்டும். 48,000 வீதத்தில் எடுத்த குரலை 44,100 என்று தவறாகப் பெயரிட்டு ஒலிக்கச் செய்தால், 60 நிமிட ஓதல் 65 நிமிடங்களுக்கு மேல் நீளும், குரலும் தடித்துவிடும். மாற்றி நேர்ந்தால் 55 நிமிடங்களில் முடிந்து, குரல் மெலிந்து ஒலிக்கும். மத்தின் அளவை எண்ணிப் பார்க்கும் ஆசிரியருக்கு இரண்டுமே தவறான சாட்சியங்கள்.

மூன்றாவது, ஓதலின் இடையே ‘டிக்’ என்ற ஓசையோ சொல் தாவுவதோ கேட்டால், கணினி தன் வேலைப்பளுவில் சில மாதிரிகளைத் தவறவிட்டிருக்கலாம். இயக்கி எண்களைச் சிறு சிறு தொகுதிகளாகவே கைமாற்றுகிறது. 512 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுதி, 44,100 வீதத்தில், ஏறத்தாழ 11.6 மில்லி விநாடி. ஒன்று தவறினாலும் ‘டிக்’ என்று காதில் கேட்கக்கூடும். தொடர்ந்து சில தவறினால் ஒரு கல்கலாவின் அதிர்வே காணாமல் போகும். மற்றச் செயலிகளை மூடுங்கள். மென்பொருளில் அந்தத் தாங்கியின் அளவைக் கூட்டுங்கள். ஓதலைப் பதிவதற்கு வேகம் தேவையில்லை, முழுமையே தேவை.

நான்காவது, பதிவு ஓடியும் அலைவடிவம் வெறும் கோடாகவே இருந்தால், மைக்கைப் பயன்படுத்த அந்த மென்பொருளுக்கு இயங்குதளத்தின் தனியுரிமை அமைப்பில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பித்தலுக்குப் பின் சிக்கல் எழுந்திருந்தால், டிவைஸ் மேனேஜரில் பழைய இயக்கிக்குத் திரும்பும் வசதி இருக்கக்கூடும். இவற்றுள் எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாம் அப்படிச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே எழுந்திராது.

இவை அனைத்திற்கும் மேலாக, பதிவை ஓதியவரோடு ஒப்பிடுங்கள். இது நமது மரபுக்குப் புதிதன்று. ஒவ்வொரு ரமலானிலும் ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் அவர்களோடு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் குர்ஆனை ஓதி ஒப்பிட்டு வந்தார்கள். அவர்களுடைய இறுதி ஆண்டில் இருமுறை நிகழ்ந்தது என்பதை நாம் அறிவோம். குர்ஆனைத் தொகுத்த ஸைத் இப்னு ஸாபித் ரளியல்லாஹு அன்ஹு அவர்கள் தாமே மனனம் செய்தவராக இருந்தும், எழுதப்பட்டவற்றையும் மனிதர்களின் உள்ளங்களில் இருந்ததையும் சேர்த்தே தேடினார்கள். 1961-இல் எகிப்தின் ஷைக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் குரலில் குர்ஆன் முழுவதும் முதன்முறையாக முரத்தல் முறையில் பதிவாகி வெளிவந்த பின்னரும், ஆசிரியர் எதிரே அமர்ந்து ஓதும் வழக்கம் எங்கும் நின்றுவிடவில்லை. பதிவு ஆசிரியருக்குத் துணை. அது தனித்து நின்று சாட்சி சொல்லும்போது, அதன் ஸனதையும் விசாரிக்க வேண்டும்.

அந்தத் தம்பி இரைச்சல் நீக்கத்தை நிறுத்தி, வீதங்களை ஒன்றாக்கி, மீண்டும் நம்மை ஓதச் செய்தார். குன்னா திரும்பி வந்தது. அன்று மாலையே எல்லா மாணவர்களையும் அமர வைத்து, யார் முன்னிலையில் அந்தப் பிள்ளையைக் கடிந்தோமோ அவர்கள் முன்னிலையிலேயே, குறை அவருடையதன்று, நம்முடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். நமது தேய்ந்த பதிவையும் அவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். சிறு பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தி நம்மைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பெரிய ஹஸ்ரத் அவர்களுக்கும் நடந்ததை எழுதினோம். குறிப்பு அனுப்பும் அவர்கள் அன்று தாமே தொலைபேசியில் பேசினார்கள். “பிள்ளையிடம் கொடுங்கள்” என்றார்கள். கொடுத்தோம். என்ன சொன்னார்கள் என்பது நமக்குக் கேட்கவில்லை. “இல்லைங்க ஹஸ்ரத், நீங்க அப்படிச் சொல்லக் கூடாது” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது மட்டும் கேட்டது. பிறகு நம்மிடம் பேசிய பெரிய ஹஸ்ரத், “அவர் ஒழுங்காகத்தான் ஓதியிருக்கிறார். எதிரே உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டியது நீங்கள். உங்களிடம் விசாரித்திருக்க வேண்டியது நான்” என்றார்கள்.

முதல் ஜுஸ்உவிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் பதிந்தோம். முதல் சில நாள்கள் மைக்கைக் கண்டாலே அவர் குரல் தாழ்ந்தது. எனவே நாமும் அவருக்கு எதிரே அமர்ந்து, காதால் கேட்டபடியே பதிந்தோம். ஏழாம் ஜுஸ்உவை எட்டியபோது குரல் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. ஷஅபான் மாதத்தில் ஹிஃப்ழை நிறைவு செய்தார், அல்ஹம்துலில்லாஹ்.

மத்ரஸாவின் அந்த மடிக்கணினி மீது இப்போது ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. மாதிரி வீதமும் அமைப்புகளும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. அதன் இறுதி வரியை அந்த மாணவரே தம் கையால் எழுதினார்: “முதலில் ஹஸ்ரத் ஓதிப் பதிந்து பார்க்க வேண்டும்.”

நமது பிள்ளைகளின் நாவுகளைக் குர்ஆனால் அல்லாஹ் ஈரமாக்கி வைப்பானாக. அறியாமல் நாம் அவர்களுக்கு இழைத்த தவறுகளை மன்னிப்பானாக. ஆமீன்.